கம்பி அறுந்தால் அது யாருடைய நாகரிகக் குறைவு?

தில்லியில் எந்த ஜிம்முக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு பலகை இருக்கும். எடையை எடுத்த இடத்தில் திருப்பி வையுங்கள், துண்டு இல்லாமல் வராதீர்கள், இயந்திரத்தில் உட்கார்ந்து போன் பார்க்காதீர்கள், டம்பெல்லைக் கீழே போடாதீர்கள், சத்தம் போடாதீர்கள். உறுப்பினர்களின் முணுமுணுப்பும் இதே வரிசையில்தான் வரும். பெஞ்சை அரைமணி நேரம் பிடித்து வைத்திருப்பவர், வியர்வையைத் துடைக்காமல் எழுந்து போகிறவர், ட்ரெட்மில்லில் நடந்துகொண்டே போனில் உரக்கப் பேசுகிறவர், பூங்காவில் போட்டிருக்கும் கருவியில் தொங்கி ஊஞ்சலாடும் பிள்ளைகள், அதில் உட்கார்ந்து கதை பேசும் பெண்கள். எல்லாப் புகாரும் கடைசியில் ஒரே தீர்ப்பில் வந்து நிற்கும்: தில்லிக்காரர்களுக்குப் பொது இடத்தில் நடந்துகொள்ளத் தெரியாது. படித்தவர்கள் இதைச் சொல்கிறார்கள், பத்திரிகைகள் எழுதுகின்றன, ஜிம் முதலாளிகள் தலையாட்டுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறிய நம்மவர்கள் ஒரு படி மேலே போய், "வடக்கத்தியானுக்கு எங்கே இதெல்லாம் தெரியப்போகிறது" என்று முடித்துவிடுகிறார்கள்.

இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. எரிச்சல்கள் உண்மை. பல ஆண்டுகளாக நானும் அவற்றை அனுபவித்து வருகிறேன். ஆனால் அவற்றில் பெரும்பகுதிக்குப் பக்கத்தில் நிற்கும் மனிதரின் குணம் காரணமில்லை. இடம் தாங்கும் அளவுக்கு மேல் ஆள் சேர்ப்பவர்கள், கருவியை வாங்கிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காதவர்கள், யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று யோசிக்காமல் கருவியைத் தேர்ந்தெடுப்பவர்கள், இவர்கள்தான் காரணம். நாகரிகத்தைப் பற்றிய பேச்சு இவர்களைத் தப்பவிடுகிறது. பணம் கட்டியவர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கையில், பணம் வாங்கியவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

தில்லிக்காரர்களுக்கு ஒழுங்கு வராது என்பதைப் பொய்யாக்க இந்த நகரத்திலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 2002 டிசம்பர் 24 அன்று ஷாதராவிலிருந்து தீஸ் ஹஜாரி வரை மெட்ரோ ரயில் தொடங்கியபோது, இந்த ஊர்க்காரர்கள் அதை ஆறு மாதத்தில் நாசமாக்கிவிடுவார்கள் என்று பேசியவர்கள் உண்டு. அப்படி நடக்கவில்லை. புளூலைன் பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டும் ஜன்னல் வழியே துப்பிக்கொண்டும் போன அதே மனிதர், மெட்ரோ நிலையத்தில் துப்பாமல் படியிறங்கினார். அவருடைய வளர்ப்பு ஓர் இரவில் மாறிவிடவில்லை. ரயில் நேரத்துக்கு வந்தது, தரை சுத்தமாக இருந்தது, கண்காணிக்க ஆள் இருந்தார், அழுக்கானால் உடனே துடைக்கப்பட்டது. பெண்கள் நிம்மதியாகப் பயணிக்க வேண்டும் என்ற கேள்வி வந்தபோது, "ஆண்களே, கண்ணியமாக நடங்கள்" என்று எழுதிப்போட்டதோடு நிர்வாகம் நிற்கவில்லை. 2010 அக்டோபரிலிருந்து முதல் பெட்டியைப் பெண்களுக்கென்று ஒதுக்கியது. இன்றைக்கும் மெட்ரோவில் நெரிசல் உண்டு, சண்டை உண்டு. ஆனாலும் இடத்தைச் சரியாக நடத்தினால் தில்லிக்காரர் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு இருபது ஆண்டுக்கும் மேலான சான்று இது.

இதையே ஜிம்முக்குள்ளும் ஒருமுறை பார்த்தோம். கொரோனாவால் மூடப்பட்டிருந்த ஜிம்களைத் திறப்பதற்காக மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஆகஸ்டு 3 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஓர் ஆளுக்கு 4 சதுர மீட்டர் என்று தளத்தைக் கணக்கிட வேண்டும், கருவிகளுக்கு இடையே 6 அடி இடைவெளி வேண்டும் என்று அதில் இருந்தது. தில்லியில் செப்டம்பர் 14 அன்று கதவுகள் திறந்தன. மறு ஆண்டு இரண்டாவது அலைக்குப் பிறகு ஜூன் 28-இல் மீண்டும் திறந்தபோது, பாதிப் பேருக்கு மட்டுமே அனுமதி. அந்த மாதங்களில் நான் போய்வந்த கூடத்தில் ஒவ்வோர் இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு ஸ்பிரே பாட்டிலும் காகிதச் சுருளும் இருந்தன. முன்பு துடைக்காமல் எழுந்துபோன அதே ஆட்கள் ஒருவர் விடாமல் துடைத்தார்கள். நோய் பயமும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கையெட்டும் தூரத்தில் பாட்டில் இருந்ததால்தான் பயம் செயலாக மாறியது. பெஞ்சுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. யாரும் யாரையும் முறைக்கவில்லை. 2022 பிப்ரவரியில் ஜிம்கள் மறுபடி திறந்து, கட்டுப்பாடுகள் படிப்படியாக விலகியபோது, பாட்டில்கள் முதலில் காலியாயின, பிறகு காணாமல் போயின. கருவிகள் மறுபடி நெருக்கி வைக்கப்பட்டன. வியர்வைப் புகாரும் பெஞ்சுச் சண்டையும் திரும்பி வந்தன. இந்த இரண்டு ஆண்டுகளில் உறுப்பினர்களின் நாகரிகம் ஏறி இறங்கியதாக யாராவது சொல்ல முடியுமா?

கூட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் பாதி எரிச்சல் அங்கேதான் பிறக்கிறது. தில்லியின் சாதாரண ஜிம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். லட்சுமி நகரிலோ உத்தம் நகரிலோ லாஜ்பத் நகரிலோ ஒரு வீட்டின் அடித்தளத்தில் அல்லது இரண்டாம் மாடியில் இருக்கும். 2021-க்கான தில்லி மாஸ்டர் பிளான் குடியிருப்புப் பகுதிகளில் கலப்புப் பயன்பாட்டின் கீழ் உடற்பயிற்சிக் கூடங்களை நிபந்தனைகளோடு அனுமதித்தது. அதனால்தான் குடும்பம் வாழ்வதற்காகக் கட்டிய அறைகளுக்குள் லெக் பிரஸ்ஸும் கேபிள் இயந்திரமும் வந்து அமர்ந்தன. ஸ்குவாட் ரேக் ஒன்று இருக்கும், பெஞ்சு ஒன்றோ இரண்டோ இருக்கும். அலுவலகம் போகிறவர்கள் காலை ஆறு முதல் எட்டு வரை வருவார்கள், திரும்புகிறவர்கள் மாலை ஆறு முதல் ஒன்பது வரை வருவார்கள்.

இப்போது கணக்குப் பாருங்கள். கனமான எடையில் பெஞ்சு பிரஸ் செய்கிறவர் ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். தசைக்கு அது தேவை, பயிற்சி நூல்களும் அப்படித்தான் சொல்கின்றன. நான்கு செட் முடிக்க ஏறக்குறைய கால் மணி நேரம். இரண்டு மணி நேரத்தில் ஒரு பெஞ்சில் எட்டுப் பேருக்கு மேல் செய்ய முடியாது. அந்தக் கூடத்தில் முன்னூறு பேருக்குச் சந்தா விற்றிருந்தால், ஒன்பதாவதாக வருகிறவருக்கு எட்டாவது ஆள் எதிரியாகத்தான் தெரிவார். இயந்திரத்தில் உட்கார்ந்து போன் பார்க்கிறார் என்று நாம் பழிக்கும் அந்த மனிதர் பெரும்பாலும் ஓய்வு நிமிடங்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். கையில் போன் இல்லாமல் வெறுமனே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பெஞ்சு அதே நேரத்துக்குத்தான் காலியாகும். நவம்பரில் இது இன்னும் மோசமாகிறது. 2024 நவம்பர் 18 அன்று தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. அப்படிப்பட்ட நாட்களில் பூங்காவில் நடக்கிறவர்களும் ஓடுகிறவர்களும், வசதி இருந்தால், நாலு சுவருக்குள் வந்துவிடுகிறார்கள். அறை மட்டும் அதே அறைதான்.

இந்தக் கூட்டம் தற்செயலாக வருவதில்லை. வருடச் சந்தாவை மொத்தமாகத் தள்ளுபடியில் விற்று, சேர்ந்தவர்களில் பலர் சில வாரங்களில் நின்றுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் நடக்கும் வியாபாரம் இது. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மென்டியர் என்ற பொருளியல் அறிஞர்கள் அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் கணக்குகளை ஆராய்ந்து 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் வந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆயிற்று. பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் வருகைக்கு 10 டாலர்தான் செலவாகியிருக்கும். வராதவர்களின் பணத்தில் நடக்கும் தொழிலுக்கு, ஒழுங்காக வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் இடம் வைக்கும் அவசியம் இல்லை. தில்லிக் கூடங்கள் வேறு விதமாக நடக்கின்றன என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. புத்தாண்டுத் தள்ளுபடி முடிந்த வாரத்தில் எந்தக் காலனி ஜிம்முக்கும் மாலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள்.

இத்தனை நெருக்கடிக்குள்ளும் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை இந்தப் புகார்காரர்கள் கவனிப்பதே இல்லை. "பையா, கித்னே செட் பச்சே?" என்பது தில்லி ஜிம்மில் அதிகம் கேட்கும் வாக்கியம். அண்ணா, இன்னும் எத்தனை செட் பாக்கி என்று கேட்கிறார்கள். பத்தில் ஒன்பது தடவை பதில், "ரெண்டுதான், வா, சேர்ந்தே போடலாம்" என்று வரும். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே பெஞ்சில் மாறி மாறிச் செய்வார்கள். ஒருவருக்கு 60 கிலோ, மற்றவருக்கு 40 கிலோ என்றால் ஒவ்வொரு செட்டுக்கும் தகடுகளைக் கழற்றி மாட்டுவார்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். தனியாகக் கனமான எடை தூக்குகிறவர் திரும்பிப் பார்த்தால் போதும், யாராவது ஒருவர் தன் வேலையை விட்டுவிட்டுத் தலைமாட்டில் வந்து கை கொடுக்க நிற்பார். நழுவினால் கழுத்து போய்விடும் என்ற நிலையில் ஓர் அந்நியரின் கையை நம்பிப் படுக்கிறார்கள். கரோல் பாக்கில் துணிக்கடையில் வேலை பார்க்கும் பையனுக்கும் சொந்தக் காரில் வந்து இறங்கும் மாணவனுக்கும் இடையே இந்த உதவி நடப்பதைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு நாகரிகம் இலவசமாகப் புழங்கும் இடத்தைப் பார்த்து நாகரிகம் இல்லை என்று எப்படித்தான் சொல்ல மனம் வருகிறதோ.

அடுத்தது கருவிகள். கேபிளின் உறை கிழிந்து உள்ளே இருக்கும் கம்பியிழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. எடையைத் தேர்ந்தெடுக்கும் பின் தொலைந்துபோய், அதன் இடத்தில் ஒரு ஸ்குரூ டிரைவரைச் செருகி வைத்திருக்கிறார்கள். தில்லியின் தூசி ட்ரெட்மில் பெல்ட்டுக்கு அடியில் படிகிறது. எண்ணெய் விடாவிட்டால் உராய்வு ஏறி, பெல்ட் நடுவில் உதறி நிற்கும். விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தவேண்டிய பாதுகாப்புக் கிளிப் எங்கே என்று யாருக்கும் தெரியாது. இருக்கையின் ரெக்சின் கிழிந்து பஞ்சு வெளியே வந்திருக்கும். வியர்வை நாற்றத்துக்கு முக்கியக் காரணம் அந்தப் பஞ்சுதான், அதை எந்தத் துண்டாலும் துடைத்துச் சுத்தமாக்க முடியாது. ஆனால் பலகையில் துண்டைப் பற்றி எழுதியிருக்கிறது, பஞ்சைப் பற்றி இல்லை. "மக்கள் முரட்டுத்தனமாகக் கையாளுகிறார்கள்" என்பது முதலாளிகளின் வழக்கமான விடை. இரும்பு எடையைத் தூக்குவதற்காக விற்கப்பட்ட கருவி, இரும்பு எடையைத் தூக்கியதால் தேய்கிறது. தேய்வது அதன் இயல்பு. மாற்றுவது உரிமையாளரின் கடமை. டம்பெல்லைக் கீழே போடுகிறார்கள் என்ற புகாரும் இதில் அடங்கும். கனத்த ரப்பர் தளம் போட்டிருந்தால் அந்தச் சத்தத்தில் பாதி எழாது. டைல்ஸ் தரையின் மேல் மெல்லிய பாயை விரித்துவிட்டு, தூக்குகிறவரின் கையைக் குறை சொல்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் மறுதரப்புக்கு இடம் கொடுக்கிறேன். எடைகளை எடுத்த இடத்தில் வைக்காமல் போவது தவறுதான். அதை எடுத்து வைப்பது ஒரு தொழிலாளி. பீகாரிலிருந்தோ நேபாளத்திலிருந்தோ உத்தராகண்டிலிருந்தோ வந்த பையன் ஒருவன் காலை ஐந்து மணிக்கு ஷட்டரைத் தூக்கி, இரவு பத்து மணிக்கு இறக்கும் வரை குனிந்து நிமிர்ந்துகொண்டே இருக்கிறான். இருபது கிலோ தகட்டைத் தரையில் விட்டுப் போகிறவர் அவன் முதுகின் மேல்தான் வைத்துவிட்டுப் போகிறார். அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் இங்கேயும் கேள்வியைப் பாதியில் நிறுத்தக் கூடாது. கூட்டம் பிதுங்கும் மூன்று மணி நேரத்துக்கு ஒரே ஒரு பையனை வைத்தது யார்? ரேக்கில் எந்தக் கம்பியில் எத்தனை கிலோ என்று எண் எழுதாமல் விட்டது யார்? எண் எழுதிய ரேக் இருக்கும் இடத்தில் ஜோடி பிரியாமல் டம்பெல்கள் இருப்பதைக் கண்ணால் பார்த்தே சொல்கிறேன்.

பெண்களைப் பற்றி வரும் புகார்கள்தாம் எனக்கு அதிகக் கோபத்தைத் தருகின்றன. கருவியில் உட்கார்ந்து பேசுகிறார்கள், ஒழுங்காகச் செய்வதில்லை, இடத்தை அடைக்கிறார்கள் என்பார்கள். இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் ஏறக்குறைய 152 சென்டிமீட்டர். நம் கூடங்களில் உள்ள பல இயந்திரங்களின் இருக்கையை எவ்வளவு இறக்கினாலும் அந்த உயரத்துக்குக் கால் தரையில் பதியாது, கைப்பிடி தோளுக்கு மேலே நிற்கும். வெறும் பார் மட்டுமே 20 கிலோ. டம்பெல் வரிசை ஐந்து கிலோவிலிருந்து தொடங்கும், இரண்டரை கிலோ ஜோடியில் ஒன்று எங்கோ போயிருக்கும். உடம்புக்குப் பொருந்தாத கருவியில் உட்காரத்தான் முடியும். லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, போதிய உடலுழைப்பு இல்லாத இந்தியப் பெண்கள் 57 விழுக்காடு, ஆண்கள் 42 விழுக்காடு. இந்த 15 விழுக்காட்டு இடைவெளியைப் பெண்களின் சோம்பலாகப் படிக்கிறவர்கள், விடிவதற்கு முன்னால் அவர்கள் சமையலறையில் எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள் என்று பார்க்கட்டும். வீட்டு வேலை முடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, பத்து மணிக்குப் பூங்காவுக்கு வந்து இன்னொரு பெண்ணோடு பேசுகிறவளுக்கு, அந்த அரைமணி நேரமும் உடம்புக்கானதுதான்.

முறைத்துப் பார்ப்பது, பின்னால் வருவது, அனுமதியில்லாமல் படம் பிடிப்பது, சொல்லித்தரும் சாக்கில் தொடுவது. இவற்றை நாகரிகக் குறைவு என்ற பட்டியலில் துண்டுக்கும் டம்பெல்லுக்கும் நடுவே சேர்ப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆம் பிரிவு பாலியல் தொந்தரவையும், 78-ஆம் பிரிவு பின்தொடர்வதையும் குற்றம் என்கின்றன. குற்றத்தை மரியாதைப் பிரச்சினையாகச் சுருக்கினால், "கொஞ்சம் கண்ணியமாக இருங்கள்" என்ற அறிவுரையோடு கூடத்தின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. 2024-இல் உத்தரப் பிரதேச மாநில மகளிர் ஆணையம் ஜிம்களில் பெண்களுக்குப் பெண் பயிற்சியாளர் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நொய்டாவும் காசியாபாத்தும் அந்த மாநிலத்தில் இருப்பதால் தில்லி ஜிம்களிலும் அதைப் பற்றிப் பேசினார்கள். பெண்ணை ஆணிடமிருந்து விலக்கி வைப்பதே தீர்வு என்ற மனப்பான்மையில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பெண் பயிற்சியாளர்களை வேலைக்கு எடுக்க வேண்டும் என்பது சரி. முதலாளி செய்ய வேண்டிய காரியம் என்று அந்தப் பரிந்துரையாவது எடுத்துச் சொன்னது.

"பழைய அகாடாக்களில் எவ்வளவு ஒழுக்கம்!" என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். தில்லியின் பெயர்பெற்ற அகாடா, அதாவது மல்யுத்தப் பயிற்சிக்களம், குரு ஹனுமானுடையது. 1987-இல் துரோணாச்சாரியா விருது பெற்றவர், நாட்டுக்குப் பல மல்லர்களைத் தந்தவர். அத்தகைய இடங்களில் மண்ணைக் கொத்திப் பதப்படுத்துவதும், கடுகெண்ணெயும் மஞ்சளும் மோரும் கலப்பதும், பெருக்குவதும் மாணவர்களின் வேலை. ஒழுங்கு இருந்தது உண்மை. குரு காலை முதல் இரவு வரை அங்கேயே இருந்தார், சேர்த்துக்கொண்டது அவர் கண்பார்வை எட்டும் அளவு ஆட்களை மட்டும், மண்ணைப் பராமரிப்பதே பயிற்சியின் முதல் பாடம். இந்த ஏற்பாட்டிலிருந்துதான் அந்த ஒழுங்கு வந்தது. பெண்கள் அந்த மண்ணில் கால்வைக்க முடியாதிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெரியவரின் காலைத் தொட்டு வணங்கும் மரியாதைக்கு மல்யுத்த உலகில் ஒருநாளும் பஞ்சமில்லை. அந்த உலகத்திலிருந்துதான் 2023 ஜனவரியில் வினேஷ் போகட்டும், ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற சாக்ஷி மாலிக்கும் ஜந்தர் மந்தரில் போராட வந்து உட்கார்ந்தார்கள். மல்யுத்தக் கூட்டமைப்பின் அன்றைய தலைவர் மீதான பாலியல் புகாரைத் தில்லிப் போலீஸ் பதிவு செய்யவே ஏப்ரல் 28 ஆயிற்று, அதற்கும் உச்ச நீதிமன்றக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. மரியாதைச் சடங்குகள் எத்தனை இருந்தாலும், கேட்பதற்கு ஓர் அமைப்பு இல்லாத இடத்தில் பெண்ணுக்குப் பாதுகாப்பு இல்லை.

பணம் கட்டி உள்ளே போக முடியாதவர்களுக்குப் பூங்காக்கள்தான் ஜிம். தில்லி மாநகராட்சியின் பொறுப்பில் ஏறக்குறைய 15,000 பூங்காக்கள் இருக்கின்றன. அவற்றில் ஏராளமானவற்றில் நீலமும் மஞ்சளும் பூசிய இரும்புக் கருவிகள் நிற்கின்றன. ஏர் வாக்கர், ட்விஸ்டர், செஸ்ட் பிரஸ், லெக் பிரஸ். இவற்றைப் பற்றிய கோபம் முழுக்கப் பிள்ளைகள் மேல் திரும்பியிருக்கிறது. பிள்ளைகள் தொங்கி ஆடி உடைத்துவிடுகிறார்கள் என்று குடியிருப்போர் சங்கங்கள் சொல்கின்றன. சில இடங்களில் பூட்டுப் போட்டு, வீட்டு வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளை விரட்டுகிறார்கள். ஐரோப்பாவில் இத்தகைய வெளிப்புறக் கருவிகளுக்கென்று 2015-இல் ஈ.என். 16630 என்ற தரநிலை வந்தது. 140 சென்டிமீட்டருக்கு மேல் உயரமுள்ளவர்களுக்கானவை இந்தக் கருவிகள் என்று அது வரையறுக்கிறது. அப்படியானால் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆபத்தான கருவியை, அந்தப் பிள்ளைக்கு ஒரு ஊஞ்சலோ சறுக்கு மரமோ இல்லாத பூங்காவில், வேலியின்றிக் கொண்டுவந்து நட்டவர்களைத்தானே கேட்க வேண்டும்? ஊஞ்சல் இல்லாத இடத்தில், ஊஞ்சல் போல ஆடும் ஒரு பொருளைக் கண்டால் குழந்தை ஏறத்தான் செய்யும்.

கருவிகள் எப்படி வருகின்றன என்று பாருங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெயர்ப்பலகை இருக்கும்: இன்ன எம்.பி.யின், எம்.எல்.ஏ.வின், கவுன்சிலரின் நிதியிலிருந்து. எம்.பி. ஒருவருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அந்தத் திட்டத்தின் அடிப்படை நோக்கம் நிலைத்து நிற்கும் சொத்துகளை உருவாக்குவது. பராமரிப்பை, அந்தச் சொத்தைப் பயன்படுத்தும் அமைப்பு பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த அமைப்பு எது? 2012-இல் மாநகராட்சி தெற்கு, வடக்கு, கிழக்கு என்று மூன்றாகப் பிரிந்தது, 2022 மே மாதம் மறுபடி ஒன்றானது. கோப்புகள் அலைந்தன. பேரிங்குக்கு கிரீஸ் போடும் வேலைக்குத் திறப்பு விழா கிடையாது, அதில் யார் பெயரும் பொறிக்கப்படாது, ஆகவே அது நடப்பதில்லை. புது தில்லி நகராட்சி மன்றத்தின் கையில் உள்ள லோதி தோட்டத்துக்குப் போனால் அதே தில்லிக்காரர்கள் வரிசையில் நின்று கருவியைப் பயன்படுத்துவதைப் பார்க்கலாம். அங்கே தோட்டக்காரர்களும் காவலர்களும் பணமும் இருக்கின்றன. யமுனைக்கு அந்தப் பக்கம் உள்ள காலனிப் பூங்காவில் இவை இல்லை.

இது தில்லிக்கு மட்டும் உரிய நோய் அல்ல. 2016-இல் தமிழ்நாட்டில் ஊராட்சிகளில் அம்மா பூங்காவும் அம்மா உடற்பயிற்சிக் கூடமும் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அவை பராமரிப்பின்றிக் கிடப்பதாகப் பல மாவட்டங்களிலிருந்து செய்திகள் வந்தன. வடக்கத்தியானைப் பழிக்கும் நம்மவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 1920-இல் சென்னையில் ஹாரி குரோ பக் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியபோது, கருவிகளை வாங்கி அடுக்குவதோடு நிற்கவில்லை. சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களை உருவாக்கினார். நூறு ஆண்டுக்குப் பிறகும் நாம் கருவியை நட்டுவிட்டு ஆசிரியரை மறந்துபோகிறோம்.

அமைப்பின் மேல் பழியைப் போட்டால் தனிமனிதர் பொறுப்பிலிருந்து நழுவிவிடுவார் என்று ஆட்சேபிக்கிறார்கள். தனிமனிதருக்கு நான் கூடுதல் பொறுப்பைத்தான் தருகிறேன். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து முகம் சுளிப்பது எளிது, செலவில்லாதது, அதனால் எதுவும் மாறுவதுமில்லை. மேலே கேட்பது கடினம். சந்தா வாங்கும்போதே கேளுங்கள்: தளம் எத்தனை சதுர அடி, ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு அனுமதி, கேபிள்கள் கடைசியாக எப்போது மாற்றப்பட்டன. பதில்களை எழுத்தில் வாங்குங்கள். பூங்காவில் உடைந்த கருவியைக் கண்டால், அதன் பெயர்ப்பலகையும் தெரியும்படி படம் எடுத்து மாநகராட்சியின் எம்.சி.டி. 311 செயலியில் போடுங்கள், அந்தப் பெயருக்கு உரியவருக்கும் அனுப்புங்கள். பிள்ளையை விரட்டும் குடியிருப்போர் சங்கத்திடம் ஊஞ்சல் எங்கே என்று கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு பழுதான கருவிகளையே காட்டும் கூடத்தின் மேல், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று வழக்குப் போடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் எதுவும் இல்லை.